ஓரம் கரையும் படங்கள்: எந்த வழி எதற்கு?

எங்கள் வீட்டில் அப்பத்தாவின் படம் ஒன்று இருக்கிறது. ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், 4க்கு 6 அங்குல அளவு. மர நாற்காலியின் கைப்பிடியில் இடது கையை வைத்து உட்கார்ந்திருப்பார். பல வருஷம் டிரங்குப் பெட்டியில் கிடந்ததில் ஓரமெல்லாம் நீர்க்கறை, ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது. முகத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. கெட்டுப்போன ஓரங்களை வெள்ளைக்குள் மெல்லக் கரையவிட்டு ஒரு புதுப் பிரிண்ட் போடலாமே என்று தோன்றியது. அந்த ஒரு படத்தில் ஆரம்பித்த வேலை, சித்தப்பா வீட்டுப் பெட்டி, அத்தை வீட்டு ஆல்பம் என்று நீண்டு, நாற்பது படங்களைத் தாண்டிவிட்டது.

இதற்காக ஐந்தாறு வழிகளைச் செய்து பார்த்தேன். முடிந்த படத்தை மட்டும் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். செய்கிறவருக்குத்தான் வித்தியாசம் தெரியும். ஒரு வழியில் நாளைக்குத் திருத்தலாம், இன்னொன்றில் முடியாது. ஒன்று ஒரே படத்துக்குச் சரி, இன்னொன்று நாற்பது படத்துக்குச் சரி. நீங்களும் இப்படி ஒரு வேலையைக் கையில் எடுக்கப்போகிறீர்கள் என்றால், நான் சுற்றிய சுற்றை நீங்களும் சுற்ற வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

இந்த அலங்காரம் கம்ப்யூட்டரோடு வந்தது இல்லை. 19ஆம் நூற்றாண்டு ஸ்டுடியோக்களிலேயே இருந்தது. நெகட்டிவிலிருந்து தாளில் படம் விழவைக்கும்போது, நடுவில் நீள்வட்டமாக வெட்டிய அட்டை ஒன்றைத் தாளை ஒட்டாமல் சற்றுத் தள்ளி வைப்பார்கள். அட்டையின் விளிம்பு தாளில் கூர்மையாக விழாது. முகத்தைச் சுற்றிப் படம் மெல்ல மெல்ல வெளுத்துத் தாளோடு தாளாகிவிடும். விக்னெட் என்று அதற்குப் பெயர். திராட்சைக் கொடியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்த வார்த்தை அது. பழைய புத்தகப் பக்கங்களின் ஓரத்தில் வரைந்த கொடி அலங்காரத்துக்கு முதலில் இருந்த பெயர், அப்புறம் படத்துக்கு வந்தது. இன்று மென்பொருள் செய்வதும் அந்த அட்டையின் வேலையைத்தான். நம் ஊர் ஆல்பம் டிசைனர்கள் இதை ‘ஃபெதர்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

நான் முதலில் எடுத்தது, பெரும்பாலானவர்கள் முதலில் எடுக்கும் வழி. ஃபோட்டோஷாப்பில் நீள்வட்டமாக ஒரு செலக்ஷன் (தேர்ந்தெடுத்த பகுதி) போட்டு, ஷிஃப்டையும் எஃப்6ஐயும் சேர்த்து அழுத்தி, ஃபெதர் எத்தனை பிக்சல் என்று கொடுத்து, செலக்ஷனைத் திருப்பி, வெளியே இருப்பதை வெள்ளையால் நிரப்பிவிடுவது. இரண்டு நிமிஷ வேலை. திரையில் மிக அழகாக இருந்தது. ஜேபெக்காகச் சேமித்து லேபில் கொடுத்துவிட்டேன்.

பிரிண்ட் கைக்கு வந்ததும்தான் கவனித்தேன்: நாற்காலிக் கைப்பிடியில் இருந்த விரல்களைக் காணோம். மணிக்கட்டு வரைக்கும் கை இருக்கிறது, வளையல் தெரிகிறது, அதற்கப்புறம் வெள்ளை. செலக்ஷன் கோடு விரல்களுக்கு வெளியேதான் போனது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நடந்தது என்னவென்றால், ஃபெதர் அந்தக் கோட்டுக்கு வெளியே மட்டும் கரைக்காது, உள்ளேயும் கரைக்கும். திரையில் எறும்பு ஊர்வதுபோல ஓடுகிறதே, அந்தப் புள்ளிக்கோடு காட்டுவது பாதி தெரிந்து பாதி மறையும் இடத்தை. கரைவது அதற்கு உள்ளேயே தொடங்கிவிடும். விரல்கள் அந்தப் பாதைக்குள் இருந்தன. இதே காரணத்தால்தான் சின்னச் செலக்ஷனுக்குப் பெரிய ஃபெதர் கொடுத்தால், பாதிக்கு மேல் தேர்வான பிக்சல் எதுவும் இல்லை என்று எச்சரிக்கை வரும்; கோடே கண்ணுக்குத் தெரியாது.

சரி, விரல்களைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று ஃபைலைத் திறந்தால், அங்கே விரல்களே இல்லை. வெள்ளை பூசிய இடத்தில் வெள்ளைதான் இருக்கிறது. ஸ்கேனிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. இந்த வழி வேகமானதுதான், ஒரு தடவை வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டு மறந்துவிடும் படத்துக்கு நானே இன்றும் இதைச் செய்வேன். தாளில் நிற்கப்போகும் படத்துக்குச் செய்ய மாட்டேன்.

அடுத்து வந்தது லேயர் மாஸ்க். லேயர் என்றால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் படத் தாள்களில் ஒன்று. என் தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: முக்கியமான ஒரு படத்துக்கு இதைத் தவிர வேறு வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மாஸ்க் என்பது படத்தின் மேல் போர்த்திய துணி மாதிரி. துணியில் வெள்ளையாக இருக்கும் இடத்தில் படம் முழுசாகத் தெரியும், கறுப்பாக இருக்கும் இடத்தில் மறையும், நடுவில் இருக்கும் சாம்பல் நிறங்களில் அந்தந்த அளவுக்குத் தெரியும். அடியில் படம் அப்படியே இருக்கும், ஒரு பிக்சல்கூடக் குறையாது.

செய்முறையும் கஷ்டமில்லை. பேக்ரவுண்ட் லேயரை இரண்டு தடவை தட்டினால் பூட்டு விலகும். அதற்குக் கீழே வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ ஒரு லேயர். மேலே நீள்வட்டச் செலக்ஷன், ஃபெதர் எதுவும் கொடுக்க வேண்டாம். லேயர் பலகையின் அடியில் இருக்கும் மாஸ்க் பொத்தானை அழுத்தினால் கூர்மையான ஓரத்தோடு முட்டை வடிவில் படம் நிற்கும். இப்போது பிராப்பர்ட்டீஸ் பலகையில் ஃபெதர் என்ற ஒரு ஸ்லைடர் இருக்கும், அதை இழுத்தால் ஓரம் கண்முன்னே கரையும். 40 போதவில்லையா, 90க்குப் போகலாம். அதிகமா, 60க்குத் திரும்பலாம். ஃபைலை மூடி, ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் அந்த ஸ்லைடர் அங்கேயே இருக்கும்.

அப்பத்தாவின் விரல்களை இப்படித்தான் மீட்டேன். மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, மென்மையான வெள்ளைப் பிரஷ், ஓபாசிட்டி (பூச்சின் அடர்த்தி) 20 சதவீதம், விரல் இருக்கும் இடத்தில் மட்டும் மூன்று நான்கு தடவை தடவினேன். முதல் தடவலில் நிழல்போல ஏதோ தெரிந்தது. மூன்றாவதில் மோதிர விரலின் நகம் வந்தது. கைப்பிடியின் சுருள் வேலைப்பாடும் கூடவே வந்தது, அதை அப்படியே விட்டுவிட்டேன். இப்போது நீள்வட்டம் கை இருக்கும் பக்கம் கொஞ்சம் புடைத்திருக்கிறது. பார்க்கிறவர் யாருக்கும் அது தெரியவில்லை, கை முழுசாக இருப்பது மட்டும்தான் தெரிகிறது.

ஃபோட்டோஷாப்புக்கு மாதச் சந்தா கட்ட வேண்டும். வருஷத்துக்கு நாலு படம் செய்கிறவர் அதற்காகக் காசு கொடுக்கத் தேவையே இல்லை. இதே வேலைக்கு ஃபோட்டோபியா இருக்கிறது. பிரவுசரில் திறக்கும், இலவசம், பக்கத்தில் விளம்பரம் மட்டும் ஓடும். மெனுவெல்லாம் ஃபோட்டோஷாப் போலவே இருப்பதால் ஒன்றைக் கற்றவருக்கு மற்றது கைவரும். ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைலையும் திறக்கும். படம் அவர்கள் சர்வருக்குப் போவதில்லை, வேலை முழுக்க நம் கம்ப்யூட்டரிலேயே நடக்கிறது. வீட்டுப் படங்களை வைத்து வேலை செய்கிறவருக்கு இது பெரிய நிம்மதி. பழைய மடிக்கணினியில் பெரிய ஸ்கேனைத் திறந்தால் திணறும், அது ஒன்றுதான் குறை.

கிம்ப் வேறு மாதிரி. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள் 1995இல் எழுத ஆரம்பித்தது, இன்றுவரை முழுக்க இலவசம். மாஸ்க் இதிலும் உண்டு, ஆனால் பின்னால் இழுத்து மாற்றும் ஃபெதர் ஸ்லைடர் மாஸ்க்குக்குக் கிடையாது. மாஸ்க் போட்டபின் அதன்மேல் காஸியன் பிளர் என்ற மங்கலாக்கும் ஃபில்டரைக் கொடுத்துத்தான் ஓரத்தை மென்மையாக்க வேண்டும். கூட்டிக்கொண்டே போகலாம், ஃபைலை மூடித் திறந்தபின் குறைக்க முடியாது. இதற்கு நான் கண்டுபிடித்த வழி, ஃபெதர் கொடுக்காத செலக்ஷனைச் செலக்ட் மெனுவிலிருந்து ‘சேவ் டு சேனல்’ செய்து, அந்த வடிவத்தை ஃபைலுக்குள்ளேயே வைத்துக்கொள்வது. மென்மை பிடிக்கவில்லை என்றால் மாஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்தச் சேனலிலிருந்து புது மாஸ்க் செய்துகொள்ளலாம். கொஞ்சம் சுற்று வழி, ஆனால் வேலை நடக்கும்.

கிம்ப்பில் இன்னொரு விஷயம் இருக்கிறது, அதற்காகவே அதை நான் வைத்திருக்கிறேன். ஃபில்டர்ஸ் மெனுவில் டெகார், அதற்குள் ஃபஸ்ஸி பார்டர். இது தரும் ஓரம் வழுவழுப்பாகக் கரையாது, பிசிறு பிசிறாகக் கரையும். கையால் கிழித்த கெட்டித்தாளின் விளிம்பு போலவோ, சுண்ணாம்புச் சுவரில் வண்ணம் உதிர்ந்தது போலவோ இருக்கும். கிரானுலாரிட்டி என்ற எண்ணைக் கூட்டினால் பிசிறு பெரிதாகும், குறைத்தால் பொடியாகும். பார்டர் நிறத்தை நீங்களே சொல்லலாம், நிழலும் சேர்க்கலாம். நகலில் வேலை செய் என்பது முதலிலேயே டிக் ஆகியிருக்கும், அதை எடுத்துவிடாதீர்கள். பார்டர் அளவு தானாக 16 பிக்சல் என்று நிற்கும். பெரிய ஸ்கேனில் 16 பிக்சல் கண்ணுக்கே தெரியாது. பலர் இங்கேதான் ‘இது வேலை செய்யவில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். நான் 2400 பிக்சல் அகலப் படத்துக்கு 120 வரை வைத்திருக்கிறேன். பார்டர் படத்துக்கு வெளியே வளராது, படத்தையே தின்னும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் யாராவது நிற்கும் குடும்பப் படம் என்றால் முதலில் கேன்வாஸை (படம் நிற்கும் பரப்பை) பெரிதாக்கிவிட்டு அப்புறம் செய்வது நல்லது.

வயல், கோயில், பழைய ஓட்டு வீடு போன்ற படங்களுக்கு இந்தப் பிசிறு ஓரம் நன்றாகப் பொருந்துகிறது. முகம் மட்டும் இருக்கும் படத்துக்கு வேண்டாம். கண் முகத்தில் நிற்காமல் பிசிறுக்கே போகிறது.

இப்போது நாற்பது படங்களின் கதைக்கு வருவோம். ஒவ்வொன்றுக்கும் மாஸ்க் போட்டு உட்கார்ந்தால் வாரக்கணக்கில் ஆகும். அதோடு, பிக்சல் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஃபெதர் 100 பிக்சல் என்றால், 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) எடுக்கும் பிரிண்டில் அது சுமார் எட்டரை மில்லிமீட்டர். 1200க்கு 1800 பிக்சல் இருக்கும் 4க்கு 6 படத்தில் அது தாராளம். 3600க்கு 5400 இருக்கும் 12க்கு 18 படத்திலும் அதே எட்டரை மில்லிமீட்டர்தான், அங்கே நூல் மாதிரி ஒல்லியாகத் தெரியும். பெட்டியில் கிடந்த படங்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்காது. ஸ்கேன், போனில் எடுத்தது, யாரோ வாட்ஸாப்பில் அனுப்பிச் சுருங்கியது என்று கலந்திருக்கும். ஒரே எண்ணை எல்லாவற்றுக்கும் கொடுத்தால் ஆல்பத்தில் ஒவ்வொரு ஓரமும் ஒவ்வொரு விதமாக நிற்கும். நான் பின்பற்றுவது, படத்தின் குறுகிய பக்கத்தில் நூற்றுக்கு நாலைந்து பங்கு. 1200க்கு 50 அல்லது 60, 2400க்கு 100, 120.

நிறையப் படங்களை ஒன்றாகத் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் இந்தத் தலைவலி இல்லை. எஃபெக்ட்ஸ் பகுதியில் போஸ்ட் கிராப் விக்னெட்டிங் என்று இருக்கும். அதன் ஸ்லைடர்கள் பிக்சலைப் பார்ப்பதில்லை, படத்தின் அளவோடு சேர்ந்து அவையே விகிதமாக மாறிக்கொள்கின்றன. அமவுண்ட்டை வலதுபக்கம் கடைசிவரை இழுத்தால் ஓரம் வெளுக்கும், இடதுபக்கம் இழுத்தால் இருளும். ரவுண்ட்னஸ் நீள்வட்டத்தைச் செவ்வகத்தை நோக்கியோ வட்டத்தை நோக்கியோ நகர்த்தும், ஃபெதர் மென்மையைப் பார்த்துக்கொள்ளும். ஒரு படத்தில் சரிசெய்து, மீதிப் படங்களுக்கு ‘சிங்க்’ கொடுத்தால் முடிந்தது. ஸ்டைலை மட்டும் பெயின்ட் ஓவர்லே என்று மாற்றிவிடுங்கள். முதலில் இருக்கும் ஹைலைட் ப்ரையாரிட்டியில் கறுப்புத் தலைமுடியும் அடர்நிறச் சேலையும் வெள்ளைக்குள் சுத்தமாகக் கரையாமல் அழுக்குத் தேய்த்ததுபோல நிற்கும்.

இதன் குறை, நடுப்புள்ளி படத்தின் நடுவிலேயே இருக்கும், நகராது. ஆள் ஒரு பக்கமாக நிற்கும் படத்தில் ஓரம் அவரைத் தின்றுவிடும். நிறமும் கறுப்பு, வெள்ளை இரண்டுதான். இலவசமாக வேண்டும், நடுப்புள்ளியும் நகர வேண்டும் என்றால் டார்க்டேபிள் இருக்கிறது. அதன் விக்னெட்டிங் பகுதியில் நடுப்புள்ளியை இடம் வலம், மேல் கீழ் என்று நகர்த்தலாம். பழகுவதற்கு நாலைந்து நாள் ஆகும், பலகைகள் அத்தனை இருக்கின்றன. ஆனாலும் காசு செலவில்லாமல் ஆல்பம் முழுக்கச் செய்ய நினைக்கிறவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

போனில் முடியாதா என்று சித்தப்பா மகள் கேட்டாள். முடியும். ஸ்னாப்சீட் ஆப்பின் விக்னெட் கருவியில் நடுப்புள்ளியை விரலால் இழுத்து முகத்தில் வைத்து, இரண்டு விரலால் வட்டத்தைப் பெரிதாக்கி, வெளி வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். ஃப்ரேம்ஸ் பகுதியில் தயாராகச் சில ஓரங்கள் இருக்கின்றன. ஓரம் எவ்வளவு மென்மையாக வேண்டும் என்று தனியாகச் சொல்ல இடமில்லை. ஸ்டேட்டஸ் வைக்க, குடும்பக் குரூப்பில் போட இது போதும். பிரிண்டுக்கு நான் எடுக்க மாட்டேன்.

பிரிண்ட் என்றதும் மூன்று விஷயம் சொல்ல வேண்டும். திரையில் நன்றாக இருந்து தாளில் கெட்டுப்போவது இங்கேதான். முதலாவது, கரையும் ஓரத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுவது. சாதாரண 8 பிட் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். அகலமான ஓரத்தில், அதுவும் அடர்ந்த நீலம், கறுப்புப் பின்னணியில், அந்தப் படிகள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். 16 பிட்டில் வேலை செய்வது உதவும். அதைவிட எளிது, கரையும் இடத்தில் ஒன்றிரண்டு சதவீதம் நாய்ஸ், அதாவது பொடிப் புள்ளிகள், சேர்ப்பது. தாளில் அது தெரியாது, கோடும் தெரியாது. டார்க்டேபிளின் விக்னெட்டிங்கில் இதற்கென்றே டிதரிங் என்று ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, ஃபைல் வகை. ஓரத்தை ஒளிபுகும்படி விட்டு, பின்னால் வேறு நிறத் தாளிலோ வாழ்த்து அட்டையிலோ வைக்கப்போகிறீர்கள் என்றால் பிஎன்ஜியாகச் சேமியுங்கள். ஜேபெக்குக்கு ஒளிபுகும் தன்மை கிடையாது, அந்த இடத்தில் வெள்ளையோ வேறு நிறமோ வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மூன்றாவது என் கையைச் சுட்டது. ஓரமில்லாப் பிரிண்ட் போடும்போது லேபில் சில மில்லிமீட்டர் வெட்டுப்படும். சாதாரணப் படத்தில் அது யாருக்கும் தெரியாது. மென்மையான வெள்ளை ஓரம் உள்ள படத்தில் இடதுபக்கம் வெள்ளை அகலமாகவும் வலதுபக்கம் ஒல்லியாகவும் வந்து, படம் சாய்ந்து நிற்பதுபோலத் தெரியும். என் முதல் பிரிண்ட்டுகள் ஐந்தும் இப்படித்தான் வந்தன. அதிலிருந்து, கரைந்து முடிந்த இடத்துக்கு வெளியே நாலு பக்கமும் அரை அங்குலம் வெறும் வெள்ளை விடுகிறேன். இரண்டு மில்லிமீட்டர் இப்படி அப்படி வெட்டினாலும் கண்ணுக்குப் படாது.

மென்பொருளைவிட அதிகம் யோசிக்க வைத்தது வடிவம். நீள்வட்டம், வெள்ளைக்குள் கரையும் முகம் என்றால் நம் ஊரில் கண்ணுக்கு உடனே வருவது சுவரில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர். இதை நான் யோசிக்கவே இல்லை. அத்தையின் படத்தையும் அதே மாதிரி செய்து கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு நிமிஷம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “நான் இன்னும் இருக்கேன்டா” என்றார். சிரிக்கவில்லை. அன்றைக்கே உயிரோடு இருக்கிறவர்கள் படங்களை எல்லாம் தனியாக எடுத்து வைத்தேன். அவற்றுக்குச் செவ்வகம்தான், மூலைகள் மட்டும் லேசாக வளைந்து, ஓரம் குறைவாகக் கரையும்படி, வெள்ளைக்குப் பதில் இளமஞ்சள் தாள் நிறத்தில். ஃபெதரை நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் விடுவதில்லை. புகை மாதிரி இல்லாமல் பழைய ஆல்பத்தில் ஒட்டிய படம் மாதிரி இருக்கிறது.

கிளம்பும்போது அத்தை இன்னொன்றும் சொன்னார். “அம்மா படத்தையும் மாத்திடு. எனக்கு அவங்க நாற்காலியில உட்கார்ந்திருக்கிற மாதிரியே வேணும்.” முதல் வழியிலேயே நின்றிருந்தால் மூன்றாவது தடவையாக ஸ்கேனிலிருந்து தொடங்கியிருப்பேன். இப்போது ஃபைலைத் திறந்து, நீள்வட்ட மாஸ்க்கை எடுத்துவிட்டு, கரையான் தின்ற மூலையும் நீர்க்கறையும் மறையும் அளவுக்குச் செவ்வகம் போட்டு, ஃபெதரை 50க்கு இறக்கினேன். முழு நாற்காலியும் தெரிகிறது. 600 டிபிஐயில் ஸ்கேன் செய்திருந்ததால் 2400க்கு 3600 பிக்சல் கையில் இருந்தது, 8க்கு 12 பிரிண்ட்டுக்குச் சரியாகப் போதும். மறுநாளே லேபில் கொடுத்துவிட்டேன்.